வியாழக்கிழமைப் படம்

திரையில் அதற்குள் ஞாயிற்றுக்கிழமை ஆகியிருந்தது. ஜெயபிரியாவுக்குத் தெரிந்து அன்று சனிக்கிழமை.

தூத்துக்குடிக் கடற்கரையை ஒட்டிய ஐஸ் கம்பெனி அது. அங்குள்ள கேமராக்களை எல்லாம் ஒன்றாக இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சின் முன்னால் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். கேமராக்கள் நாளும் நேரமும் தெரிந்துகொள்வது இந்தச் சுவிட்சிடமிருந்துதான். இதில் தேதி தப்பானால் எல்லாவற்றிலும் தப்பாகும்.

சாதாரண வேலை. சரியான நேரத்தை இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளச் செய்துவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்புகிற வேலை.

ஆனால் வாசலில் மரியசெல்வி உட்கார்ந்திருந்தாள்.

அவள் புருஷன் ஜேசுபாதம் புதன்கிழமை காலையில் வள்ளத்தில் தனியாகக் கிளம்பியவர். அன்று சாயங்காலம் கடலில் பேய்க்காற்று அடித்தது. ஆள் திரும்பவில்லை.

தேடிப் போனவர்கள் கைவிட இருந்த நேரத்தில்தான் இந்தக் கம்பெனி கேமராவில் ஒரு படம் கிடைத்தது. படகுத் துறைக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு வள்ளம், அதில் ஓர் ஆள். அவர்தான் என்று மரியசெல்வியே அடையாளம் சொன்னாள். படத்தின் மூலையில் வியாழக்கிழமை காலை என்றிருந்தது.

அப்படியென்றால் காற்றுக்குப் பிறகும் ஆள் உயிரோடு இருந்திருக்கிறார். ஊரே தேடப் போய்க் கரை காலியாகக் கிடந்த நேரம். எஞ்சின் நின்று, நீரோட்டம் மறுபடி இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்றார்கள். வள்ளங்கள் திரும்பவும் கடலுக்குப் போயின. இன்னும் வரவில்லை.

ஜெயபிரியா நேரத்தைச் சரிசெய்தாள். சுவிட்ச் ஒரு நாள் பின்னால் வந்து நின்றது.

இந்தத் தப்பு நேற்றுத்தான் நடந்திருக்க வேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டாள். நேற்று என்றால், வியாழக்கிழமைப் படம் வியாழக்கிழமைப் படமாகவே இருக்கும்.

பழைய பதிவுகளைத் தேடினாள். திங்கட்கிழமை கரண்ட் போய் வந்தபோது யாரோ கையால் தேதி வைத்திருந்தார்கள். ஒரு நாள் கூட்டி.

அது புதன்கிழமைப் படம். ஜேசுபாதம் திரும்பி வந்துகொண்டிருக்கவில்லை. போய்க்கொண்டிருந்தார்.

பின்னால் நின்ற மேனேஜர் லிங்கராஜ் அண்ணாச்சியிடம் சொன்னாள். சொல்லாமல் இருக்க முடியாது. கடலில் தேடிக்கொண்டு கிடப்பவர்களுக்கும் வீடு வாசல் இருக்கிறது. அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வள்ளக்காரர்களுக்குச் சொல்ல, போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார்.

மரியசெல்வியிடம் சொல்வது பாக்கி இருந்தது. அதையும் அண்ணாச்சி தலையில் கட்ட ஜெயபிரியாவுக்கு மனசு வரவில்லை.

பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். படத்தின் தேதி தப்பு, அது அவர் கிளம்பின அன்றைக்கு எடுத்தது என்று எப்படியோ சொல்லி முடித்தாள்.

மரியசெல்வி அழவில்லை. கடலைப் பார்த்தபடியே இருந்தாள்.

"தெரியும் தங்கச்சி. ஒரு கை காதுகிட்ட இருக்குல்லா, எல்லாரும் வெயிலுக்கு மறைச்சிருக்காருன்னு நெனச்சாங்க. அது போனு. என்கிட்டதான் பேசிக்கிட்டு நிக்காரு, சாயங்காலம் வந்துருதேன்னு. அதைச் சொன்னா தேடுறத விட்டுருவாங்கல்லா."

பிறகுதான் ஜெயபிரியா பக்கம் திரும்பினாள்.

"நீ யார்கிட்டயும் சொல்லிரலயே?"

தூரத்தில் முதல் வள்ளம் கரையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டிருந்தது.