கூட வந்தவர்

"உன் பேரு என்னம்மா?"

"அம்சம்" என்றார் ராஜாங்கம்.

கேள்வி மகளிடம் கேட்கப்பட்டது. பதில் அப்பாவிடமிருந்து வந்தது. பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

பிளஸ் டூ முடித்துவிட்டுப் போன பிள்ளைகளுக்காக நன்னிலம் பக்கத்து அந்தப் பள்ளிக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடக்கும். எந்தக் காலேஜ், என்ன படிப்பு, எந்த வேலைக்கு எப்படி எழுதிப்போடுவது என்று பிரகதாம்பாள் டீச்சர் சொல்லித்தருவார். அன்றைக்கு நேர்காணல் ஒத்திகை. ஹெட்மாஸ்டர் அறை நாற்காலியை இரவல் வாங்கி நடுவில் போட்டு, எதிரே டீச்சரும் பழைய மாணவர்கள் சிலரும் அதிகாரிகளாக உட்கார்ந்திருந்தார்கள். அதில் துரைக்கண்ணு என்ற பையன், அதிகாரத் தோரணைக்காக அவன் அப்பாவின் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு எதிரில் இருப்பது ஒன்றும் தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தான்.

அம்சத்தை அடுத்த மாதம் தரங்கம்பாடிப் பக்கம் ஒரு நர்சிங் பள்ளியில் நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். "பொம்பளப் புள்ளைய தனியா எப்படி அனுப்புறது" என்று ஒத்திகைக்கே ராஜாங்கம் துணைக்கு வந்துவிட்டார். அவருக்குச் சாப்பாடு வேண்டுமே என்று மனைவி காத்தாயியும் தூக்குவாளியோடு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"நர்சிங் ஏம்மா படிக்கணும்னு நெனக்கிற?" என்று டீச்சர் கேட்டார்.

"சேவைதாங்க. எங்க கட்சியே சேவைக்குன்னு ஏற்பட்டதுதானே" என்றார் ராஜாங்கம்.

அவர் கட்சியில் கிளைச் செயலாளர். மேடையில் மைக் கிடைக்காத குறையை வீட்டில் தீர்த்துக்கொள்வார். காத்தாயி ஒன்றும் வாயில்லாப் பூச்சியல்ல. அறுவடைக் கூலித் தகராறில் பண்ணைக் காரியக்காரரைக் களத்திலேயே நிறுத்தி மடக்கியவள். அவளும்கூடப் புருஷன் பேச ஆரம்பித்தால் கப்சிப்.

டீச்சர் பேனாவைக் கீழே வைத்தார். "நெஜமான நேர்காணல்லயும் நீங்களே பேசுனீங்கன்னா சீட்டு உங்களுக்கா, அவளுக்கா?"

"யாருக்குக் கெடைச்சா என்னங்க? எல்லாம் ஒரே வீடுதானே."

டீச்சர் அம்சத்தின் பக்கம் திரும்பினார். "இதையும் பாடமா வச்சுக்க. கூட வந்தவங்க யாரா இருந்தாலும் வெளியிலதான் இருக்கணும். அத நீதான் சொல்லணும். கோவப்படாம, மரியாதையா சொல்லணும். சொல்ற வரைக்கும் சீட்டு உனக்கில்ல."

அம்சம் அப்பாவைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். "ப்பா..." என்பதற்கு மேல் எதுவும் வரவில்லை. கடைசி பெஞ்சில் காத்தாயியின் உதடுகள் மட்டும் அசைந்தன.

அன்றிலிருந்து ராஜாங்கம் கட்சி ஆபீசுக்குக் கிளம்பியதும் தாயும் மகளும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். உரல்தான் நாற்காலி. ஒருத்தி கேட்பாள், ஒருத்தி பதில் சொல்வாள். "உங்களுக்கு எதுக்கு இந்த சீட்ட குடுக்கணும்?" என்ற கேள்வி தெருக்குழாய் வரைக்கும் கேட்கும். பதில் வெளியே கேட்காது.

வாரம் திரும்புவதற்குள் மூன்று பேரும் தஞ்சாவூர் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்கள். குழாயடியில் பூவம்மாள் விசாரித்தாள். "சீட்டு விஷயமாவா?"

"ஆமா. நேர்காணல். வந்தா சீட்டோடதான் வருவோம்" என்றார் ராஜாங்கம். உடம்பில் புதுச் சட்டை, இடுப்பில் கரைவேட்டி. கரைவேட்டி இல்லாமல் எந்த சீட்டும் நகராது என்பது நம் பக்கத்தில் பால்குடி மாறாத பிள்ளைக்கும் தெரியும்.

வழியெல்லாம் உள்ளாட்சித் தேர்தலுக்காகச் சுவர்களுக்கு வெள்ளையடித்து இடம் பிடித்திருந்தார்கள். ராஜாங்கம் சுவர்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "உள்ள போனதும் நான் பேசிக்கறேன். கேட்டா தலைய மட்டும் ஆட்டுனா போதும்." அம்மாவும் பெண்ணும் சேர்ந்தாற்போலத் தலையை ஆட்டினார்கள்.

நேர்காணல் நடந்த கல்யாண மண்டபத்தில் ஒரே கூட்டம். நேர்காணலுக்கு வந்தவர்களைவிடத் துணைக்கு வந்தவர்கள்தான் அதிகம். அம்சம் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இரண்டில் எந்தக் கை சில்லிட்டிருந்தது என்று இருவருக்குமே தெரியவில்லை. இந்த சீட்டை விட்டால் இன்னொரு வாய்ப்பு எப்போதோ, யார் கண்டது?

"அடுத்தவங்க வாங்க" என்று கதவருகே நின்றவர் கூப்பிட்டார்.

மூன்று பேருமே உள்ளே போனார்கள். மேஜைக்குப் பின்னால் பெரிய மனிதர்கள் சிலர். எதிரே ஒரே ஒரு நாற்காலி. ராஜாங்கம் அதில் போய் உட்கார்ந்துகொண்டு துண்டைச் சரிசெய்தார்.

நடுவில் இருந்தவர் காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார். "பேரு?"

ராஜாங்கம் தொண்டையைச் செருமினார். அம்சம் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"கொஞ்சம் எந்திரிங்க" என்றது ஒரு பெண் குரல். அதில் கோபமில்லை, மரியாதைக்கும் குறைவில்லை. வாய் திறந்தபடி ராஜாங்கம் எழுந்து நின்றார். நாற்காலியில் உட்கார்ந்தவள் மேஜைக்குப் பின்னால் இருந்தவர்களை நேராகப் பார்த்துச் சொன்னாள்:

"பேரு காத்தாயிங்க. பொம்பளைங்களுக்கு ஒதுக்குன எங்க வார்டுல கவுன்சிலருக்கு நிக்கப்போறது நான்தான். இவரு கூட வந்தவரு, வெளியில இருப்பாரு."