தாலாட்டில் ஓர் அழுகை

மொந்தேவீதேயோ நகர அரங்க வாசலில், ஒரு பழைய ராக் இசைக்குழுவின் ரசிகர்கள் வரிசையில் நின்றார்கள்.

"இவங்களோட முதல் ஆல்பத்தை அப்போ ஒருத்தரும் சீந்தல. எங்களுக்கு அதுதான் உசிரு" என்றான் ஃபப்ரீசியோ, மாத்தே தேநீரை உறிஞ்சியபடி. "தாலாட்டுப் பாட்டு நடுவுல ஒரு குழந்தை அழும். அந்த இடத்துல நாம எல்லாரும் சேர்ந்து அழணும். எங்கே, அழுங்க பார்ப்போம்."

பின்னால் நின்ற லுசீலா அழுது காட்டினாள்.

"ஐயய்யே, பூனை கத்துற மாதிரி இருக்கு! ஆல்பத்தை ஒழுங்கா கேட்டிருந்தா இப்படியா அழுவீங்க?"

பக்கத்துக் கதவைத் திறந்து, குழுவின் நரைத்த டிரம்மர் எட்டிப் பார்த்தார்.

"மகளே, இங்கேயா நிக்கிறே? தாலாட்டுப் பதிவு பண்ணப்போ தொட்டில்ல கிடந்து கத்தித் தீர்த்தே. இன்னைக்காவது உள்ளே வந்து அமைதியா கேளு."

ஃபப்ரீசியோவுக்குப் புரையேறியது.

லுசீலா அவன் முதுகைத் தட்டிவிட்டாள். "கோவிச்சுக்காதீங்க. பழக்கம் விட்டுப்போச்சு."