மூத்தாள் பொட்டு

"ஆவணியில வந்தவ நீ. தையே பொறக்கப் போவுது. இன்னும் அந்தப் புள்ள வாயத் தொறக்கல. அப்படி இன்னாதான் பண்றே அத?"

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள் ரத்தினம்மாள். மங்கை முறத்தில் இருந்த மல்லாட்டைக் கடலையை உரித்துக்கொண்டிருந்தாள்.

"கதையில வர்ற ராஜாவும் பொண்ணுக்காவத்தான் ரெண்டாந்தாரம் கட்டுவாரு. வர்றவ அந்தப் பொண்ணக் காட்டுக்கு வெரட்டிடுவா. எங்க ராஜா வூட்டுலயும் அப்பிடி ஆயிடப் போவுது."

எங்க ராஜா என்றது மங்கையின் புருஷன் பச்சமுத்துவை. தொழில் மல்லாட்டை வியாபாரம். கோடையில் கூத்துக்கு ராஜா வேஷம் கட்டுவான். அதனால் செஞ்சி பஜாரில் அவனுக்குப் பேரே ராஜாதான்.

போன கோடையில் அவன் மூத்த சம்சாரம் குஞ்சம்மாள் கொல்லைக் கிணற்றில் கால் தவறி விழுந்து செத்துப்போனாள். மகள் ரஞ்சிதம் அப்போது பக்கத்தில்தான் இருந்தாள். அன்றைக்கு மூடிய வாய்தான். எட்டு வயசுக் குழந்தை.

"எனக்குன்னு ஒண்ணும் வோணாம். எம்பொண்ணு பேசணும். அதுக்கு ஒரு தாய் வோணும்."

மங்கையின் ஊரான தொண்டூருக்குப் பெண் கேட்டு வந்தபோது பச்சமுத்து இப்படித்தான் சொன்னான். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

வாக்கு மாறாத மனுஷன். மண்டியிலிருந்து வந்ததும் தண்ணீர்ச் செம்பைக்கூடத் தொடமாட்டான்.

"இன்னைக்கு எதுனா பேசுனாளா?"

"இல்லீங்க."

அதற்கப்புறம்தான் தண்ணீர்.

ரஞ்சிதம் மனுஷர்களோடுதான் பேசவில்லை.

ரெண்டாந்தாரம் கட்டும்போது, செத்துப்போன மூத்தாளின் தாலியை அழித்து, அந்தப் பொன்னில் ஒரு சின்னப் பொட்டு செய்து இளையாளின் தாலிக் கயிற்றில் கோத்துவிடுவார்கள். அப்போதுதான் செத்தவள் மனம் குளிர்ந்து, புதுக் குடித்தனத்தில் குறுக்கே வரமாட்டாளாம். மங்கையின் கழுத்திலும் அது தொங்கியது.

யுத்த காலம். மண்ணெண்ணெய்க்கு ரேஷன். பச்சமுத்து வரும்வரை விளக்கு கிடையாது. கோட்டை மலையின் நிழல் ஊர்மேல் விழுந்து வீடு இருட்டியதும் ரஞ்சிதம் வருவாள். மங்கையின் முகத்தைப் பார்க்கமாட்டாள். மடியில் ஏறி, அந்தப் பொட்டில் வாயை வைத்துக்கொள்வாள்.

உதடு அசையும். சத்தம் வராது. மங்கையின் தொண்டைக்குழியில் சூடாக மூச்சு மட்டும் படும்.

மங்கைக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கும். தன் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்து குழந்தையின் பேச்சைக் கேட்பது போலிருக்கும். அசையாமல் இருப்பாள்.

ஒரு நாள் புருஷனிடம் சொன்னாள். அவன் கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது.

"அதுகிட்டயா பேசறா?"

"ஆமாங்க. ஒண்ணும் காதுல வுழல."

"உத்துக் கேளு. ஒரு வார்த்த வுடாம எங்கிட்ட வந்து சொல்லு." சோற்றை உருட்டிக்கொண்டு, "அத ரவிக்கைக்குள்ள போட்டுக்க" என்றான். அவன் அந்தப் பொட்டை ஒருபோதும் நேராகப் பார்த்ததில்லை. செத்தவள் மேல் அவ்வளவு பிரியம் என்று மங்கை நினைத்துக்கொண்டாள்.

"புள்ள பேசலன்னா உன்ன எதுக்கு வச்சிருப்பாரு? தொண்டூருக்கே பஸ் ஏத்திடுவாரு" என்று ரத்தினம்மாள் சொன்னது மட்டும் நெஞ்சில் முள்ளாக நின்றது.

பொங்கலுக்குப் புதுச் சேலை வந்தது. மூத்தாளுக்கு வைத்துப் படைக்காமல் இளையாள் கட்டக்கூடாது. மங்கை சேலையைத் தாம்பாளத்தில் வைத்துக் கற்பூரம் காட்டினாள். விழுந்து கும்பிட்டவள் எழுந்திருக்கவில்லை.

"அக்கா, சேலைய நீயே கட்டிக்க. எனக்கு வோணாம். உம்பொண்ணு என்னத் திட்டட்டும், அடிக்கட்டும். ஒரே ஒரு வார்த்த பேசச் சொல்லு. அதுக்கு என் மேல அப்படி இன்னா வெறுப்பு?"

அழுது முடித்துத் திரும்பினால், கதவோரம் ரஞ்சிதம் நின்றிருந்தாள்.

அன்றைக்கும் மலை நிழல் இறங்கியது. ரஞ்சிதம் வந்து மடியில் ஏறினாள். ரவிக்கைக்குள்ளிருந்து பொட்டை எடுத்து அதில் வாய் வைத்தாள்.

அன்றைக்குச் சத்தம் வந்தது.

"அம்மா, இந்தம்மா அழுவுது. நல்ல அம்மாதான். எனக்குத் தல வாரி வுடுது. ஆனா நான் இதுகிட்ட பேசமாட்டேன். பேசுனா, நைனா உன்னக் கெணத்துல தள்ளுனதும் வாயில வந்துடும். அப்புறம் நைனா இதையும் தள்ளிடும்."

வாசலில் செருப்புச் சத்தம். நெருப்புக் குச்சி உரசியது. வெளிச்சத்தில், சுவரில் மாட்டியிருந்த கூத்துக் கிரீடத்தின் கண்ணாடிச் சில்லுகள் ஒவ்வொன்றாக விழித்தன. அதன் கீழே பச்சமுத்து நின்றான்.

"ஏதோ சத்தம் கேட்டாப்பல இருந்திச்சே. பேசுனாளா?"

"பேசுனா."

"இன்னா சொன்னா?"

கழுத்தில் பட்டுக்கொண்டிருந்த சின்ன மூச்சு நின்றுவிட்டது. மங்கை குழந்தையின் தலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"பொங்கச் சேல நல்லாருக்காம்."

"வேற?"

"வேற ஒண்ணுமில்லீங்க."

பச்சமுத்து செம்பை எடுத்து நிதானமாகக் குடித்தான். வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

"தெனமும் இப்பிடியே கேட்டுக் கேட்டுச் சொல்லு மங்கை. இதுக்குத்தான் உன்னக் கட்டிக்கிட்டேன்."