நடுவில் ஓர் இடம்

முதலில் ஏமாற்றியது ஊசிதான். "உமக்கு நடுவில் இடம், பெரியவரே" என்று சொல்லித்தான் கிழட்டுக் கம்பளியை ஒட்டுப்போர்வைக்கு அழைத்தது. கிறிஸ்துமஸ் விடுமுறையில் வீடே ஒன்றாக உட்காரும்போது எல்லார் கண்ணும் தன்மேல்தான் என்று கம்பளி நம்பியது.

தைத்து முடித்துப் பார்த்தால் மேலே பட்டுச்சேலை, கீழே வேட்டி, இடையில் இருட்டுக்குள் கம்பளி.

"இதுதான் நடுவா?"

"பின்னே, ஓரமா?" என்றது ஊசி.

பண்டிகையன்று குடும்பமே போர்வைக்குள் கால் நீட்டிக் கேக் தின்றது. ரெஜினா பட்டைத் தடவி, "இந்தச் சேலைக்கு என்ன கதகதப்பு பாருங்க" என்றாள் கணவனிடம்.

"அது எனக்குச் சேர வேண்டிய சொல்" என்றது கம்பளி.

"அப்புறம் தருகிறேன்" என்றது பட்டு.

கம்பளி அலுப்போடு அத்தனை கால்களுக்கும் சூடு கொடுத்துக்கொண்டிருந்தது. பட்டு இன்னும் தரவில்லை.