கைக்கு இதமான மணி

"ஒளிக்காம சொல்லுங்க டாக்டரம்மா. இவனால எனக்குப் பேரப்பிள்ளை வருமா, வராதா?"

நாற்காலியில் உட்காரும் முன்பே கேட்டுவிட்டார் ஸ்டாமாட்டிஸ். கிரேக்க நாட்டுக் கலாமாட்டாவில் ஆலிவ் எண்ணெய் ஆலை வைத்திருப்பவர். ஒரே மகள் அர்கிரோ. அவளைக் கட்டப்போகிற ஃபோட்டிஸ்தான், "எனக்கு இப்படி ஒரு குறை இருக்கு மாமா. ரெண்டு வருஷமா வைத்தியம். இன்னைக்கு முடிவு சொல்றாங்க, நீங்களே வந்து கேளுங்க" என்று அவரை அழைத்து வந்திருந்தான். பதில் சரியில்லையென்றால் கல்யாணம் இன்றோடு நின்றுவிடும்.

உள்ளறையில் ஃபோட்டிஸைப் பரிசோதித்துவிட்டு வந்த டாக்டர் எவாந்தியா, கை கழுவிக்கொண்டிருந்தார்.

பெரியவருக்குக் கை சும்மா இருக்காது. அந்த ஊர் ஆண்கள் எல்லோரையும் போல, நாள் முழுக்க மணிமாலை உருட்டுகிறவர். சாமி கும்பிட அல்ல, சும்மா பொழுதுபோக. இன்றைய பதற்றத்தில் அதைக் காப்பிக் கடையிலேயே விட்டுவிட்டார். நல்ல வேளையாக டாக்டர் மேசையிலும் ஒன்று கிடந்தது. எடுத்து உருட்டத் தொடங்கினார்.

"மாமா, அது வந்து..." என்றான் ஃபோட்டிஸ்.

"நீ பேசாம இரு. டாக்டரம்மா பேசட்டும்."

திரும்பிய எவாந்தியாவும் மாலையைப் பார்த்தார். "ஐயா, அது..."

"சுத்தி வளைக்காதீங்க. விஷயத்துக்கு வாங்க."

எவாந்தியா விஷயத்துக்கு வந்தார்.

"விரை தன்னால வேலை செய்யாதுங்க. தலைக்குள்ள பிட்யூட்டரின்னு ஒரு சின்ன சுரப்பி. அது ரத்தத்துல ரெண்டு ஹார்மோன் அனுப்பும். ஒண்ணு ஆண்மைக்கான ஹார்மோனைச் சுரக்கச் சொல்லும். இன்னொண்ணு விந்தணுவை உண்டாக்கச் சொல்லும். இவருக்கு அந்த உத்தரவே வரல. அதனால விரை வளராமலே நின்னுபோச்சு."

"ஆலை நல்லாத்தான் இருக்கு, கரண்ட்டுதான் வரலைங்கறீங்க."

"அதேதான். அந்தக் கரண்ட்டைத்தான் ஊசியில கொடுத்தோம்."

டக், டக் என்று மணிகள் மோதிக்கொண்டன.

"எவன் கோத்தான் இதை? ஒண்ணு பட்டாணி மாதிரி இருக்கு, ஒண்ணு புறா முட்டை மாதிரி இருக்கு. ஒண்ணாவது உருண்டையா இருக்கா? ஆனா இந்த ஒரு மணி மட்டும் கைக்கு என்னவோ இதமா இருக்கு."

ஃபோட்டிஸ் காது வரை சிவந்து தரையைப் பார்த்தான். பையன் பயந்துவிட்டான் என்று தோன்றியதும், ஸ்டாமாட்டிஸுக்கு முதன்முறையாக அவன்மேல் பாவமாக இருந்தது.

"கடைசியா என்னதான் ஆச்சு, சொல்லிடுங்க" என்றார் தணிந்த குரலில்.

"இங்க வந்தப்போ விரையோட அளவு ரெண்டு மில்லிதான் இருந்துச்சு. இப்போ பன்னிரண்டு. விந்தணுவும் இருக்கு, ரிப்போர்ட் நேத்தே வந்தாச்சு. ஊசியை மட்டும் நிறுத்தாம இருந்தா, குழந்தை பிறக்க நல்ல வாய்ப்பு இருக்கு."

பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். எழுந்து ஃபோட்டிஸின் தலையைப் பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார்.

"டாக்டரம்மா, இந்த மாலையை நான் எடுத்துக்கறேன். நல்ல சேதி கேட்டப்போ கையில இருந்த ராசியான மாலை. கல்யாணத்தன்னைக்கு சர்ச் வாசல்ல இதைத்தான் உருட்டப்போறேன்."

"மாமா, வேண்டாம்" என்றான் ஃபோட்டிஸ் ஈனக்குரலில்.

வாசல் வரை போன பெரியவருக்குள் ஆலைக்காரர் விழித்துக்கொண்டார்.

"ஆமா, பன்னிரண்டுன்னு சொன்னீங்களே, எதுல அளந்தீங்க? நாப்பது வருஷமா எண்ணெய் அளக்கறவன் நான். அளந்த கருவியைக் கண்ணால பார்க்காம எந்த அளவையும் நம்பினதில்லை. அதைக் கொஞ்சம் காட்டுங்க."

"காட்ட என்ன இருக்கு? உங்க கையிலதான் இருக்கு" என்றார் எவாந்தியா. "விரை எந்த மணி அளவு இருக்குன்னு ஒப்பிட்டுப் பார்க்கற மாலை அது. ஒவ்வொரு மணியிலயும் எத்தனை மில்லின்னு நம்பர் போட்டிருக்கும், பாருங்க. இதமா இருக்குன்னு அப்போ இருந்து தடவிக்கிட்டே இருக்கீங்களே, அந்தப் பன்னிரண்டாம் நம்பர்தான் உங்க மாப்பிள்ளை."