வடிவு போட்ட முதல் கூடை

பந்து வளையத்தைத் தொடாமல் உள்ளே இறங்கியது.

அவள் கத்தினாள். தன் தொண்டைக்குள் அப்படியொரு சத்தம் இருப்பது அவளுக்கே அன்றுதான் தெரிந்தது.

கூட ஆடிய நான்கு பேரும் ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள். ஜெசிந்தா அவளைத் தூக்கியே விட்டாள். பெஞ்சில் இருந்த எஸ்தர் டீச்சர் தண்ணீர்க் கூஜாவோடு எழுந்து குதித்தார். பாதித் தண்ணீர் அவர் புடவையில் கொட்டியது.

பிறகுதான் மைதானம் அமைதியாக இருப்பதைக் கவனித்தார்கள்.

எதிரே ஆடிய கோயம்புத்தூர்ப் பெண்கள் ஐந்து பேரும் நின்ற இடத்திலேயே நின்று இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவர் விசிலை வாயில் வைத்தவர் ஊதவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

கரும்பலகை அருகே சாக்பீஸோடு நின்றவர் நடுவரைப் பார்த்தார். நடுவர் தலையசைத்தார்.

கோயம்புத்தூர்க் கணக்கில் இரண்டு புள்ளி ஏறியது.

இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறியிருந்தது. வடிவு மறந்துபோயிருந்தாள்.

வடிவின் பல்கலைக்கழகத்துக்குப் பெண்கள் கூடைப்பந்து அணி என்று ஒன்று உண்டானதே அந்த வருடம்தான். திருநெல்வேலிப் பக்கத்துக் கல்லூரிகளில் எல்லாம் ஏறி இறங்கி எஸ்தர் டீச்சர்தான் ஆள் சேர்த்தார். அரைக்கால் சட்டை என்றதும் பாதி வீடுகளில் கதவைச் சாத்தினார்கள். மிஞ்சியவர்களில் ஒருத்தி ஓட்டக்காரி. ஒருத்தி கைப்பந்து ஆடியவள். வடிவு உயரமாக இருந்தாள். அவ்வளவுதான்.

இந்தப் போட்டிக்கு ரயில் ஏறும்போது விளையாட்டுத் துறை இயக்குநர் டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தோக்கட்டும் டீச்சர், அது பெருசில்ல. முட்டையோட வந்து நின்னா அடுத்த வருஷம் டீம் வேணும்னு நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு கேக்க?"

தனியாகச் சொன்னதுதான். எல்லோர் காதிலும் விழுந்திருந்தது.

கரும்பலகையில் இவர்கள் பக்கம் இப்போதும் முட்டைதான் இருந்தது.

வடிவு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அப்படியே சிமெண்டுத் தரை பிளந்து தன்னை விழுங்கிவிட்டால் நல்லது என்று தோன்றியது.

யாரோ தோளைத் தொட்டார்கள்.

கோயம்புத்தூர் கேப்டன். கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"நீங்க போட்டது, கேப்டன்னு என் பேர்லதானுங்க ஏறும். ரொம்ப நன்றிங்க."

முகத்தில் சிரிப்பே இல்லை. கண்ணில் மட்டும் இருந்தது.

முதலில் சிரித்தது வடிவுதான். அடுத்து ஜெசிந்தா. பிறகு பத்துப் பேரும். வேடிக்கை பார்க்க வந்த கூட்டமும் சேர்ந்துகொண்டது. நடுவர் விசிலைக் கையில் எடுத்துக்கொண்டு, அடக்கியது போதுமென்று சிரித்தார்.

ஆட்டம் மறுபடி தொடங்கியது.

அதுவரை பந்து கைக்கு வந்தால் சுடுசோற்றுப் பானையைப் பிடித்ததுபோல் உதறிக்கொண்டிருந்த வடிவு, இப்போது அதைத் தேடிப் போனாள். இதற்கு மேல் என்ன மானம் போகக் கிடக்கிறது?

பறித்தாள். ஓடினாள். எறிந்தாள். விழவில்லை. திரும்பவும் பறித்தாள்.

ஆட்டம் முடியப் போகும் நேரத்தில் ஓட்டக்காரி பந்தை அவளிடம் தட்டிவிட்டாள்.

"ஏட்டி, அந்தப் பக்கம்! அந்தப் பக்கம்!" டீச்சர் அலறினார்.

கூட்டமும் அந்தப் பக்கம் என்றது. கோயம்புத்தூர் பெஞ்சில் இருந்த பெண்கள்கூட எழுந்து கையைக் காட்டினார்கள்.

"தெரியுது!" என்று கத்திக்கொண்டே ஓடினாள் வடிவு.

வளையத்துக்கு முன்னால் அந்தக் கேப்டன் நின்றாள். கையிரண்டையும் விரித்து, முகத்தை இறுக்கிக்கொண்டு. விட்டுக்கொடுக்கிற உத்தேசமே அவளுக்கு இல்லை. வடிவுக்கு அது பிடித்திருந்தது.

இடப்பக்கம் போவதுபோல் சாய்ந்தாள். வலப்பக்கம் எம்பினாள்.

பந்து பலகையில் பட்டு, வளையத்தின் விளிம்பில் ஒரு சுற்று சுற்றி, மனசில்லாமல் உள்ளே விழுந்தது.

யாரும் கத்தவில்லை. எல்லோரும் நடுவரைப் பார்த்தார்கள்.

அவர் இரண்டு விரலை உயர்த்தினார்.

அதற்குப் பிறகு ஜெசிந்தா போட்ட சத்தம் பக்கத்துத் தெருவுக்குக் கேட்டிருக்கும்.

தோல்வி சின்னத் தோல்வி இல்லை. ஆனால் திரும்புகிற வழியில் எஸ்தர் டீச்சர் ரயிலைவிட்டு இறங்கி, பிளாட்பாரத்தில் எல்லோருக்கும் ஆம்லெட் வாங்கி வந்தார்.

"தின்னுங்கட்டி. முட்டைய ஒடச்சாச்சுல்லா."

வீட்டு வாசலில் அம்மா கேட்டாள்: "செயிச்சியளா?"

"தோத்துட்டோம்மா. ஆனா ரெண்டு பக்கமும் நான் கூடை போட்டேன்."

அம்மாவுக்குப் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதியைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள்.

சாயங்காலம் பக்கத்து வீட்டுச் சித்தி வந்தாள். பின்னால் அவள் மகள் செண்பகம், நிலைப்படியில் இடிக்காமல் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்தாள். ஜூனில் கல்லூரியில் சேரப் போகிறவள்.

சித்தி கொஞ்சம் தயங்கினாள். மகளை முன்னால் தள்ளிவிட்டாள்.

"இவளயும் சேத்துக்கிடுவாவளா வடிவு? எந்தப் பக்கம் போட்டாலும் ஒத்துக்கிடுவாவளாமே?"

வடிவு செண்பகத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"மொதத் தடவ மட்டுந்தான், சித்தி."