பாறையில் விழுந்த நிழல்

"எல்லாரும் ஒளிஞ்சுக்கோங்க! ட்ரோன் மேல போகுது!"

உதவி இயக்குநர் கத்தி முடிப்பதற்குள் பாறை காலியாகிவிட்டது.

குடை பிடிப்பவர், மேக்கப் போடுபவர், டீ கேனோடு வந்தவர் எல்லாரும் புளியமரத்தடிக்கும் வேனுக்குப் பின்னாலும் ஓடிப் பதுங்கினார்கள். மேலிருந்து எடுக்கும்போது ஒற்றைச் செருப்பு கிடந்தால்கூடத் தெரிந்துவிடும்.

உச்சியில் கதாநாயகி மட்டும். புருஷன் கைவிட்ட பெண். தன்னந்தனியாக நின்று அழ வேண்டும். கிளிசரின் போட்டாயிற்று.

எப்போதும் முதலில் ஒளிகிறவன் அவன்தான்.

ட்ரோனைப் பறக்கவிடுகிறவனே படத்தில் விழுந்தால் அதைவிடக் கேவலம் உண்டா? ரிமோட்டை வயிற்றோடு அணைத்தபடி புதருக்குள் உட்காருவான். கட்டிலுக்கடியில் படுப்பான். இந்தத் தொடர் தொடங்கிய நாளிலிருந்து இதே பிழைப்பு. மலை, கோபுரம், தேர்த்திருவிழா என்று ஊர் ஊராகக் காட்டியாயிற்று. எதிலும் அவன் இல்லை. யூனிட்டில் அவனுக்குப் பெயர்கூடக் கிடையாது. "ட்ரோனைக் கூப்பிடு" என்பார்கள். அவனும் போவான்.

இன்று அவன் ஒளியவில்லை.

கதாநாயகிக்குச் சற்றுத் தள்ளி, வெட்டவெளியில் நின்றான். ட்ரோனைத் தானாகவே பாறையைச் சுற்றிவரும்படி விட்டுவிட்டு, வலது கையை உயரத் தூக்கினான்.

தூத்துக்குடியில், அவன் மாமியார் வீட்டில், சாயங்காலமானால் இந்தத் தொடர்தான் ஓடும். உலகம் தலைகீழாகப் புரண்டாலும் அந்த அம்மாள் சேனலை மாற்ற மாட்டார். பக்கத்தில் ஜெர்லின் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள்.

ஜெர்லின் அவன் மகள். இரண்டாம் வகுப்பு.

ஷூட்டிங் ஷூட்டிங் என்று அவன் வீடு தங்காமல் அலைந்தான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மனைவி, பிள்ளையோடு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். இப்போது போன் செய்தால் எடுப்பதில்லை. பிள்ளையிடமும் கொடுப்பதில்லை. அவள் கோபம் நியாயம்தான். ஆனாலும் பிள்ளை தன்னை மறந்துவிடுமோ என்று பயந்தான்.

கடைசியாகப் பேசியபோது ஜெர்லின் கேட்டாள்: "டீவில எல்லாரும் வாராங்க. நீங்க மட்டும் ஏம்ப்பா வரவே மாட்டுக்கீங்க?"



ட்ரோன் வாங்கிய புதிதில் அவளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனான். திரையில் ஆட்களெல்லாம் மிளகு சிந்தியதுபோலக் கிடந்தார்கள். மேலிருந்து பார்த்தால் மனிதன் வெறும் தலைதான். "இதுல அப்பா யாரு?" என்று தேடினாள். அவன் கையைத் தூக்கினான். சாயங்கால வெயிலில், மணலில், ஒரு நீளமான கை எழும்பியது.

"அந்தா நெழலு! அதான் அப்பா!"

அன்று இருட்டும்வரை அதே விளையாட்டு.

"யோவ்! எவன்யா அது பாறை மேல?"

மானிட்டரில் பார்த்துவிட்ட இயக்குநர் மைக்கில் அலறினார். அவன் கையை இறக்கவில்லை.

அதற்குள் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட்டது. இனி இன்னொரு டேக் கிடையாது.

"இதென்ன உங்க மாமன் வீட்டுக் கல்யாண வீடியோவா? கையத் தூக்கிக்கிட்டு நிக்கிற!"

அவன் ட்ரோனின் இறக்கைகளை மடக்கிப் பெட்டியில் வைத்தான்.

"விடுங்க சார், எடிட்டிங்ல ஆளை அழிச்சிரலாம்" என்றார் கேமராமேன்.

அவனுக்குப் பகீரென்றது. அழிக்கலாம் என்பது அவனுக்குத் தெரியாதா? தினமும் ஒளிபரப்பாகும் தொடரில் அதற்கெல்லாம் யாருக்கு நேரம் என்று நம்பியிருந்தான், பாவி மனுஷன்.

மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்தக் காட்சி ஒளிபரப்பான சாயங்காலம் அவன் சாலிகிராமத்தில் ஒரு மெஸ்ஸில் இருந்தான். டீவிக்கு நேராக இருந்த மேசை. ஒரு தோசை சொல்லி, அதைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான்.

பாறை வந்தது.

உச்சியில் கதாநாயகி. பக்கத்தில் ஒருவரும் இல்லை.

சுத்தமாக அழித்திருந்தார்கள். அவன் நின்ற இடத்தில் வெறும் கல். அழிப்பதில் மட்டும் எவ்வளவு சுறுசுறுப்பு!

ட்ரோன் திரும்பியது. வெயிலுக்கு எதிர்ப்பக்கம் தெரிந்தது.

பாறையில் இரண்டு நிழல்கள் நீண்டு கிடந்தன. ஒன்று கதாநாயகியுடையது. இன்னொன்றுக்கு ஆளே இல்லை. அது கையைத் தூக்கியிருந்தது.

அவசரத்தில் ஆளை அழித்தவர்கள் நிழலை விட்டுவிட்டார்கள்.

அவனை அறியாமலே அவன் கை டீவியைப் பார்த்து எழுந்தது. காட்சி மாறியது. விளம்பரம் வந்தது. கை அப்படியே நின்றது.

போன் அடித்தது. மனைவியின் எண்.

இடது கையால் எடுத்தான். இங்கே டீவியில் ஓடிய அதே சோப்பு விளம்பரம் அங்கேயும் கேட்டது. நடுவில் சின்ன மூச்சு.

"அப்பா..." ரகசியக் குரல். "கையத் தூக்கிட்டு நின்னீங்கல்லா. பாத்துட்டேன்."

அவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"அம்மா வாரா. வச்சிருதேன்."

வைத்துவிட்டாள்.

சர்வர் சாம்பார் வாளியோடு ஓடிவந்தார். "கையத் தூக்குனீங்களே சார், என்ன வேணும்?"

"ஒண்ணும் வேண்டாம்ணே" என்றான்.

கையை இறக்கவில்லை.